பிழையும் பழியும்

பிழை நேர்ந்தவிடத்து 'எங்கே தவறியது?' என வினவுவோர் சிலர், 'எவன் செய்தான்?' என வினவுவோர் பலர். தண்டனை இல்லையேல் பொறுப்புணர்ச்சி கெட்டுவிடும் என்பது பின்னவர்தம் கட்சி. நம் ஆசிரியருள்ளும் இக்கட்சியினர் மிகப் பலர். அக்கட்சி நில்லாது என்பதற்குக் கணினித் துறையே சான்று. கணினி, எழுதியவர் எண்ணியதைச் செய்யாது, எழுதியதையே செய்யும். ஆதலின் அங்கே ஒரு சிறு பிழையும் உலகறிய நாணச் செய்துவிடுகின்றது. அந்நாணத்தை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே நாம் காண வேண்டுவது.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன் 5 ஏவூர்தி முதன்முறையாகக் கிளம்பியது. ஏறத்தாழ 40 நொடிகளில் வானிலேயே சிதறியது. அது சுமந்த நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட்டு எண்ணை, 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட்டு இடத்தில் அடைக்க நிரல் முயன்றதே காரணம். அந்நிரல் ஏரியன் 4-க்காக எழுதப்பட்டது. பழைய ஊர்தியின் பாதையில் அவ்வெண் அத்துணை பெருகவில்லை. துணைக்கு வைத்த கணினியிலும் அதே நிரல். ஆகவே அதுவும் அவ்வாறே வீழ்ந்தது.

ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை தந்தது. அவ்வரியை எழுதிய கை எது என்று அது சுட்டவில்லை. புதிய ஊர்தியின் பாதையைக் கொண்டு அந்நிரலைச் சோதிக்காமல் விட்டது ஏன் என்றே துருவியது. விளைவு? அதே ஏரியன் 5 தான் 2021-இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியைப் பழுதின்றிச் சுமந்து சென்றது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், ஒரு கணினியென எண்ணி மற்றொன்றிலிருந்த தரவுகளை அழித்துவிட்டார். காப்புப் படிகளை நாடினால், அவை பல நாளாகவே உருவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவுகள் மீளவேயில்லை. அந்நிறுவனம் மறைத்ததா? மீட்புப் பணியையே உலகம் காண நேரலையாகக் காட்டியது. குறைகளை வரிசையிட்டு எழுதி வெளியிட்டது. ஒருவர் கை தவறியது ஒரு பிழை. அத்தவற்றைத் தாங்க வேண்டிய அமைப்பு உறங்கியது பெரும்பிழை.

இனி மறுபக்கத்தைக் காண்போம். பிரிட்டன் அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் பரவிய ஹொரைசன் என்னும் கணினி முறை, இல்லாத பற்றாக்குறையைக் கணக்கிற் காட்டியது. நிரலில் குறையுண்டு என ஒப்ப நிருவாகத்திற்கு மனமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாற்போல அதனை மறைத்து, சிற்றஞ்சலக முகவர்களைத் திருடர் என்றது. 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை புகுந்தனர். பலர் வீடுவாசல் இழந்தனர். நிரலின் குறையை இலண்டன் உயர்நீதிமன்றம் 2019-இல் உறுதிசெய்தது. பழி துடைக்கும் சட்டமோ 2024-இல்தான் வந்தது.

தண்டனையே பொறுப்பை வளர்க்கும் என்போர் விடை கூறட்டும்: இங்கே தண்டனைக்குக் குறைவிருந்ததா? பொறுப்பு எங்கே வளர்ந்தது? 'யார்?' என்ற வினா எளியவன் தலையைத் தேடி ஓடும், 'ஏன்?' என்ற வினாவே பிழையின் வேரைத் தேடிச் செல்லும். பிழை செய்தாரையெல்லாம் பாராட்டுக என்பதன்று என் கருத்து. தண்டிக்கத் தக்கது பிழையன்று. அறிந்தே அதனை மறைத்தல்.

ஆசிரியப் பெருமக்களே! தவறான கணக்கை வகுப்பறியப் படித்துக் காட்டி நகைக்க வைக்கும்போது நாம் கற்பிப்பது என்ன? கணக்கையா? இல்லை, அழிப்பானால் அழிக்கவும், அடுத்தவன் ஏட்டைப் பார்த்தெழுதவும், வாய்மூடி இருக்கவுமே கற்பிக்கின்றோம். இன்று தவற்றை மறைத்துப் பழகும் மாணவன், நாளை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் நிரல் எழுதுவான். அப்போதும் மறைப்பானாயின் அதன் விலையை யார் கொடுப்பது?

தவறிய வழியை அழிக்க விடாதீர், ஏட்டில் நிற்கட்டும். எந்தப் படியில் தவறியது என்பதை அம்மாணவனே கண்டு சொல்லட்டும். மாணவர்களே, 'நான் தவறினேன், இதோ இவ்விடத்தில்' என்று தலைநிமிர்ந்து கூறப் பழகுங்கள். நாணத் தக்கது பிழைபட்ட விடையன்று. பிழையை மூடும் கையே.