மறைக்கப்படும் மறதி: முதியோருக்காக நாம் சொல்ல வேண்டிய சாட்சியம்



எங்கள் தேவாரத்தில் ஃபஜ்ர் தொழுகை முடியும் நேரத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் தூக்குவாளிகளுடன் ஏறி மலைக்குப் புறப்படுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அந்தக் கூட்டத்தின் நடுவே, எனக்கு அலிஃப் பா கற்றுக்கொடுத்த ஹஸ்ரத் நின்றிருந்தார்கள். "தோட்டத்துப் பள்ளிக்குப் போகணும், ஜுமுஆவுக்கு நேரமாகுது" என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. அந்தத் தோட்டத்துப் பள்ளியின் இமாமத்தை அவர்கள் விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓட்டுநர் அவர்களிடம் ஓதிய மாணவர்; கையைப் பிடித்து அழைத்துவந்து வீட்டில் விட்டார்.

சில நாள்களில் அவர்களுடைய மகன் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். "மறதி எப்போதிலிருந்து இருக்கிறது? அன்றாட வேலைகளில் தடுமாற்றம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். "அப்படி ஒண்ணுமில்லைங்க. அத்தா யாசீன் சூராவை இன்னமும் பார்க்காம ஓதுறாங்க" என்றார் மகன். நான் தலையாட்டினேன். ஜீப்பின் அருகே நடந்ததை இருவருமே சொல்லவில்லை. அதுதான் அவர்களின் கண்ணியத்தைக் காப்பது என்று எண்ணினோம். சத்து மாத்திரைச் சீட்டுடன் நிம்மதியாகத் திரும்பினோம். ஒன்றரை ஆண்டு கழித்து, நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேறிய ஹஸ்ரத் வாய்க்கால் ஓரம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே வாய் திறந்தோம். பிழை மருத்துவருடையது அன்று, எங்களுடையது.

அந்த வருத்தத்தில் மறதிநோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, எங்கள் மௌனம் எங்களுடையது மட்டுமன்று என்பதை அறிந்தேன். 1998-ஆம் ஆண்டு, இந்த மலைக்கு அப்பால் உள்ள கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு' என்ற அமைப்பைத் தொடங்கினர். அன்றைய மதிப்பீட்டின்படி மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தனர். ஆனால் மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை. அந்தக் குறையே குழுவின் பெயராயிற்று. ஏழு நாடுகளில் பதினோரு இடங்களில், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 15,000 பேரை இக்குழு ஆராய்ந்தது. அவற்றுள் சென்னையும் வேலூர் வட்டாரக் கிராமங்களும் அடங்கும். முடிவுகள் 2008-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன.

வழக்கமான மருத்துவ அளவுகோலின்படி கணக்கிட்டபோது, கியூபாவில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. இந்தியக் கிராமப்புறத்திலோ 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்துக்கு மூவர். நம் கிராமத்து முதியோருக்கு இந்நோய் வருவதில்லை என்று இதைக் கொண்டு மகிழ்ந்துவிடலாகாது. பள்ளிப்படிப்பு இல்லாதவர்களுக்கும் பொருந்தும்படி அக்குழுவே உருவாக்கிய முறையில் கணக்கிட்டபோது, எந்த இடத்திலும் 5.6 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. இவ்வளவு வேறுபாடு ஏன்? வழக்கமான அளவுகோலின்படி நோய் என்று உறுதிசெய்ய, அறிவாற்றல் குறைந்ததையும் அன்றாட வாழ்வு தடுமாறுவதையும் யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். வளர்ச்சி குன்றிய இடங்களில் உறவினர்கள் அதைச் சொல்வது குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினர். முதியவர் தடுமாறிக்கொண்டுதான் இருந்தார்; உடனிருந்தவர் "வயசாயிடுச்சு, வேறொண்ணுமில்லை" என்றார்.

கூட்டுக் குடும்பத்தில் இது எளிதாக நிகழ்கிறது. முதியவர் கடைக்குப் போக வேண்டியதில்லை, கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. வேலை எதுவும் கொடுக்கப்படாதவரின் தடுமாற்றம் கண்ணில் படுவதில்லை. நாம் பாசத்தால் செய்யும் உதவியே நோய்க்குத் திரையாகிவிடுகிறது.

ஓதுதலும் அப்படியொரு திரையே. இந்நோய் பெரும்பாலும் அண்மைய நினைவுகளையே முதலில் அழிக்கும். காலையில் உண்டது மறந்துபோகும். சிறுவயதில் பல்லாயிரம் முறை ஓதிப் பதிந்தது நெடுநாள் நிலைத்திருக்கும். ஆகவே யாசீன் ஓதுவது அல்லாஹ்வின் அருள். ஆனால் அது உடல்நலச் சான்றிதழ் அன்று. மறுபுறம், பள்ளிக்கே போகாத ஒரு பாட்டியிடம் "ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்றால் நோய் இல்லாமலேயே அவர் தோற்றுப்போவார். எனவே கேட்க வேண்டிய கேள்வி, இவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதே. அதற்கு விடை குடும்பத்தாரின் நாவில்தான் இருக்கிறது.

தொழுகையில் ரக்அத்தின் எண்ணிக்கை மறப்பது மனித இயல்பு. அதற்காகவே ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது. ஆனால் சற்றுமுன் தொழுததே நினைவில்லாமல் மீண்டும் மீண்டும் ஒளூச் செய்யப் போவது வேறு. நாற்பது ஆண்டுகள் நடந்த பள்ளிவாசல் வழி தெரியாமல் நிற்பது வேறு. ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் பத்து முறை கேட்பதும் வேறு.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் வெளியான தேசிய ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அது அதிகம். வீட்டுக்குள் இருக்கும் தாயின் தடுமாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருமகள். "மாமி குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுறாங்க, அடுப்பை அணைக்க மறக்குறாங்க" என்று அவர் சொன்னால், நாம் அதை மாமியார் மருமகள் சண்டைக் கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்த வீட்டின் மிகச் சிறந்த சாட்சி அவரே.

"குணப்படுத்த முடியாத நோய்க்குப் பெயர் சூட்டி என்ன பயன்? அவமானம்தானே மிச்சம்?" என்று சிலர் கேட்கின்றனர். அல்சைமர் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை என்பது உண்மையே. அண்மையில் அமெரிக்காவில் அனுமதிபெற்ற புதிய மருந்துகளும் தொடக்கநிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைப்பவையே. ஆயினும் எல்லா மறதியும் அல்சைமர் அன்று. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு உள்ளிட்ட 14 காரணிகளைக் களைந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் ஆணையம் 2024-இல் மதிப்பிட்டது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீடுதேடிக் கொடுத்துவருகிறது. அவற்றை ஒழுங்காக உட்கொள்வதும் மூளையைக் காப்பதே. மேலும், நோயென்று அறிந்த வீட்டில் இரவில் கதவைப் பூட்டுவார்கள். பத்திரத்தில் கைநாட்டு வாங்க வருபவரைத் தடுப்பார்கள். "வேணும்னே செய்யுறாங்க" என்று பெற்றோரிடம் சீறமாட்டார்கள்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? அறிந்த பின் எதையும் அறியாதவராக மனிதன் ஆகிவிடும் தளர்ந்த முதுமையைத் திருக்குர்ஆன் அந்நஹ்ல் 70-ஆம் வசனத்திலும் அல்ஹஜ் 5-ஆம் வசனத்திலும் குறிப்பிடுகிறது. அந்த நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். இது பாவத்தின் தண்டனையும் அன்று, ஜின்னின் வேலையும் அன்று. வாழ்வின் ஒரு கட்டத்தில் யாருக்கும் வரக்கூடிய சோதனை. அறிவு நீங்கியவர்மீது மார்க்கக் கடமைகள் சுமத்தப்படுவதில்லை. ஆகவே, "தொழுதீங்களா?" என்று அவரை அதட்டுவதற்கு இடமில்லை.

பிறர் குறையை மறைப்பது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஒருவரைப் பற்றிப் பேசுவது புறம் ஆகாத ஆறு நிலைகளை எடுத்துரைத்துள்ளார்கள்; தக்க தேவைக்காக உதவி நாடுவதும் விளக்கம் கேட்பதும் அவற்றுள் அடங்கும். மருத்துவரிடம் பெற்றோரின் நிலையைச் சொல்வதும் அவ்வகையே என்பது என் கருத்து. சாட்சியத்தை மறைக்க வேண்டாமென அல்பகரா 283-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கடன் விவகாரத்தில் இறங்கிய கட்டளை அது. பேச முடியாத தந்தையின் உடல்நல விவகாரத்தில் நம் உள்ளம் அதனினும் அஞ்ச வேண்டாமா?

எனவே மருத்துவரிடம் செல்லும்முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாதம் முதல் மாற்றம், என்னென்ன நடந்தது, என்னென்ன மாத்திரைகள் உண்கிறார். முதியவரின் முன்னிலையில் சொல்லக் கூசினால் அந்தத் தாளை மருத்துவரின் கையில் கொடுங்கள். உடனிருந்து பராமரிக்கும் மருமகளையோ மகளையோ கூட அழைத்துச் செல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் முதியோரின் இரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன் ஆகியவற்றைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யலாம்.

என் ஹஸ்ரத் இன்று இல்லை. கடைசி மாதங்களில் என் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. நான் ஓதியபோது மட்டும், தவறிய இடத்தில் விரலை உயர்த்தித் திருத்தினார்கள். அவர்களுக்காக அன்று ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. உங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இன்னும் நேரமிருக்கலாம்.

அல்லாஹ் நம் பெற்றோர்மீதும் ஆசிரியர்கள்மீதும் கருணை புரிவானாக. அவர்களின் தளர்ச்சியில் நம்மை உண்மையுள்ள சாட்சிகளாக ஆக்குவானாக. ஆமீன்.