தோன்றா எழுவாய்: மைசூருவின் ஆறரை மணிச் சுற்றறிக்கையும் கற்பிக்கப்படாத பாடமும்

2021 ஆகஸ்ட் 24 அன்று மாலை, மைசூரு சாமுண்டி மலையடிவாரத்தில் கல்லூரி மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். உடனிருந்த நண்பர் தாக்கப்பட்டார். அந்த வாரம் முடிவதற்குள் மைசூருப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மாலை 6.30 மணிக்குப் பின் மானசகங்கோத்ரி வளாகத்தில் மாணவியர் தனியே நடமாடக் கூடாது. குக்கரஹள்ளி ஏரிப் பகுதியிலும் அந்நேரத்திற்குப் பின் அவர்கள் தனியே செல்லவோ அமரவோ கூடாது. காவல்துறையின் அறிவுறுத்தலே இதற்குக் காரணமெனச் சொல்லப்பட்டது. மாணவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மாணவியரும் ஆசிரியர்களும் எதிர்த்ததும் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது.

சுற்றறிக்கை போயிற்று, அதை எழுத வைத்த இலக்கணம் போகவில்லை.

தமிழிலக்கணம் படித்தோர் ‘தோன்றா எழுவாய்’ என்பதை அறிவர். ‘வந்தான்’ என்றால் ‘அவன்’ வெளிப்படையாக இல்லை. ஆயினும் வினைமுற்றின் விகுதி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘பெண் தாக்கப்பட்டாள்’ என்ற செயப்பாட்டுவினை வாக்கியத்திலோ நிலைமை வேறு. விகுதி தாக்கப்பட்டவளையே சுட்டுகிறது. தாக்கியவன் ‘ஆல்’ உருபு ஏற்று ஓர் ஓரத்தில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அவனை நீக்கினாலும் வாக்கியம் முழுமையாகவே இருக்கும். தோன்றா எழுவாய்க்கேனும் ஒரு தடயம் உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை. இப்பதிவின் முதலிரு வாக்கியங்களும் அப்படித்தான் அமைந்துள்ளன. படித்தோரில் எத்தனை பேருக்கு அது உறுத்தியிருக்கும்?

அமெரிக்க மொழியியலாளர் ஜூலியா பெனலப்பி இதே நழுவலை ஆங்கிலத்தில் படிப்படியாகக் காட்டியவர். ‘அவன் அவளை அடித்தான்’ என்று தொடங்கும் செய்தி, ‘அவள் அவனால் அடிக்கப்பட்டாள்’, ‘அவள் அடிக்கப்பட்டாள்’ என்று தேய்ந்து, இறுதியில் ‘அவள் அடிபட்ட பெண்’ என்று அவளது அடையாளமாகவே நிலைத்துவிடுகிறது. ஆண்களிடையே வன்முறைத் தடுப்புப் பயிற்சி நடத்திவரும் ஜாக்சன் காட்ஸ் இதைத் தம் உரைகளின் வழியே பரவலாக்கினார். தமிழுக்கு இது இன்னும் எளிது. ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்ற தொடர் நாளிதழ்களில் அன்றாடம் வருகிறது; ‘பாதித்த ஆண்’ என்ற தொடரை எவரும் எழுதியதில்லை.

சொல்லகராதியும் இதற்குத் துணைநின்றது. பல தலைமுறைகளாகத் தமிழ் இதழ்கள் எழுதிவந்த ‘கற்பழிப்பு’, நிகழ்ந்த குற்றத்தைச் சொல்லாமல் பெண் எதை இழந்தாள் என்பதைச் சொல்லிற்று. பெண்ணியவாதிகளின் நெடிய போராட்டத்திற்குப் பிறகே பாலியல் வன்கொடுமை, வல்லுறவு ஆகிய சொற்கள் அவ்விடத்திற்கு வந்தன. கன்னடத்தின் ‘அத்யாசார’ ஒழுக்க வரம்பு மீறியவனின் செயலைக் குறிப்பது. சொல்லின் அளவில் அது நேர்மையானது. ஆனால் அச்சொல் புழங்கும் நகரத்தில்தான் மாணவியரை 6.30 மணிக்குள் அடக்கும் சுற்றறிக்கை எழுதப்பட்டது. ஆகவே சொல்லை மாற்றினால் போதும் என்று மொழியியல் துறைகள் மகிழ்ந்துவிட இயலாது. சொல் திருந்திய பின்னும் சட்டத்தின் எழுவாயாகப் பெண்ணே நிற்கிறாள்: அவள் போகக் கூடாது, அவள் அமரக் கூடாது, அவள் திரும்பிவிட வேண்டும்.

அன்றைய கர்நாடக உள்துறை அமைச்சர் அரக ஞானேந்திரா, ஆளரவமற்ற அவ்விடத்திற்கு அவர்கள் சென்றிருக்கக் கூடாது என்றார். கண்டனம் எழுந்ததும் பேச்சைத் திரும்பப் பெற்றார். பின்னர்க் கைதானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் எனக் காவல்துறை அறிவித்தபோது, ‘வெளியூரார் செய்த வேலை’ என்ற நிம்மதி ஊரெங்கும் பரவிற்று. எழுவாய் கிடைத்தும் அதை மாநில எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்ட நிம்மதி அது. அதற்குப் புள்ளிவிவரங்கள் இடங்கொடுக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கர்நாடகத்தில் மணமான பெண்களில் 44.4 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகக் கூறினர், தமிழ்நாட்டில் 38.1 விழுக்காட்டினர். அதே ஆய்வில் கர்நாடக ஆண்களில் 81.9 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு காரணத்திற்காக மனைவியை அடிப்பது தகும் என்றனர். இந்த ஆபத்தைத் தடுக்க 6.30 மணிக்கு எந்த வாயிலைப் பூட்டுவது? பூட்டினால் பெண் எந்தப் பக்கம் இருப்பாள்?

மைசூருவைக் குறைகூறிவிட்டுத் தமிழ்நாட்டு வளாகங்கள் தப்பிவிட முடியாது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள் ஒரு மாணவி வன்கொடுமைக்கு உள்ளானபோது, அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே பொதுவெளியில் கசிந்தது. அவ்வறிக்கையின் நடை பாதிக்கப்பட்டவரையே பழிப்பதாக உள்ளது எனச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அவருக்கு இழப்பீடு வழங்கவும், பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழு விசாரிக்கவும் ஆணையிட்டது. காவல் நிலையத்தின் உரைநடையும் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையின் உரைநடையும் ஒரே பள்ளியில் பயின்றவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘பாதுகாப்பு வேண்டாமா? மாணவிக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு?’ என்று நிர்வாகங்கள் கேட்கும். பாதுகாப்பு வேண்டும். விளக்குகள் எரியட்டும், இரவுப் பேருந்து ஓடட்டும், காவலர் சுற்றட்டும். ஆனால் 6.30 மணிக்கு நூலகத்தை விட்டு எழ வேண்டிய மாணவி, அந்நேரம் வரை அங்கேயே அமர்ந்திருக்கும் மாணவனோடு அதே தேர்வை எழுத வேண்டியவள். ஆய்வுக்கூடத்தில் இரவெல்லாம் ஓடும் சோதனையை இடையில் விட்டுச் செல்பவள், அதே காலக்கெடுவுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியவள். பிறர் செய்யக்கூடிய குற்றத்திற்கு அவள் முன்கூட்டியே தண்டனை செலுத்துகிறாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதி மாணவியர் மீது பாகுபாடான கட்டுப்பாடுகளை விதிக்கக் கூடாது என்கின்றன. விதி இருக்கிறது, அதைப் படித்த விடுதிக் காப்பாளர்கள் எத்தனை பேர்?

பாதுகாப்பு வேறு, தடுப்பு வேறு. பாதுகாப்பு குற்றம் நிகழக்கூடிய இடத்திலிருந்து பெண்ணை அகற்றுகிறது. தடுப்பு, குற்றம் செய்யக்கூடியவனையும் அதைப் பார்த்து வாளாவிருப்பவனையும் மாற்ற முயல்கிறது. முன்னதற்குப் பூட்டு போதும். பின்னதற்குக் கல்வி வேண்டும். கற்பித்தலே தொழிலாகக் கொண்ட நிறுவனம் கற்பிக்காமல் பூட்டியது என்பதுதான் 2021ஆம் ஆண்டின் உண்மையான வெட்கக்கேடு.

கற்பிக்க இயலும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1991இல் இதழாளர் சி.ஒய். கோபிநாத், மனைவியை அடிப்பது தவறெனக் கருதும் ஆண்கள் முன்வர வேண்டும் என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்; இருநூறுக்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். அதிலிருந்து 1993இல் மும்பையில் உருவான ‘மாவா’ அமைப்பு, ஹரீஷ் சதானியின் முயற்சியில் கல்லூரி இளைஞர்களிடையே பல்லாண்டுகளாகப் பணியாற்றிவருகிறது. மும்பையின் ‘பரிவர்த்தன்’ திட்டம், சிறுவர்கள் மதிக்கும் கிரிக்கெட் பயிற்றுநர்களையே பாலின சமத்துவத்தின் ஆசிரியர்களாக்கியது. உகாண்டாவின் கம்பாலாவில் ‘சாசா!’ திட்டம் அக்கம்பக்கத்துத் தன்னார்வலரைக் கொண்டு சில ஆண்டுகள் தொடர்ந்து உரையாடியது. 2014இல் வெளியான அதன் மதிப்பாய்வில், திட்டம் நடந்த பகுதிகளில் பெண்கள் துணைவரிடம் படும் உடல்ரீதியான வன்முறை 52 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆய்வுக்குட்பட்ட பகுதிகள் எட்டே என்பதால் அம்மதிப்பீட்டின் நம்பக இடைவெளி மிக அகலமானது. ஆனால் வன்முறையைப் பெண்கள் ஏற்கும் மனப்பான்மை தெளிவாகவே குறைந்திருந்தது. இம்மூன்றுக்கும் பொதுவானவை இரண்டு: நீண்ட காலம், நெருங்கியவரின் குரல். மகளிர் தினத்தன்று நடக்கும் ஒரு மணிநேரச் சொற்பொழிவில் இவ்விரண்டும் இல்லை.

‘எல்லா ஆண்களும் அப்படியில்லையே’ என்ற வாதம் உடனே எழும். உண்மைதான், அந்த ‘அப்படியில்லாத’ ஆண்களை நோக்கியே இப்பாடம் அமைய வேண்டும். விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் வகுப்புத் தோழியின் படம் பகிரப்படும்போது அவன் எங்கே இருந்தான்? வேண்டாமென்றவளைப் பின்தொடரும் நண்பனைக் ‘காதல் தோல்வி’ என்று தேற்றியவன் யார்? அங்கே செய்ய வேண்டியவை வீரச்செயல்கள் அல்ல. ‘இது சரியில்லை’ என்று ஒரு வாக்கியம் சொல்வது. பேச்சைத் திசைதிருப்பி அவளுக்கு விலகும் வாய்ப்பளிப்பது. தனியே இயலாதபோது மற்றொருவரை அழைப்பது. பின்னர் அவளிடம் சென்று என்ன உதவி வேண்டுமெனக் கேட்பது. அவள் சார்பில் தானே முடிவெடுக்காமல் இருப்பது. இவை பிறவிக் குணங்கள் அல்ல, பயிலக்கூடிய திறன்கள். நீச்சலைப் போலவே இவற்றையும் ஆபத்துக்கு முன்பே பயில வேண்டும்.

பேராசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். ஆய்வு மாணவியின் வருகைப் பதிவும் உதவித்தொகையும் ஆய்வேடும் நெறியாளரின் கையொப்பத்தில் தொங்குகின்றன. அந்த அதிகாரத்தின் அருகில் அமர்ந்து, ‘அவர் அப்படித்தான், நீதான் கொஞ்சம் ஒதுங்கியிரு’ என்று அறிவுரை சொல்லும் துறைச் சகாக்களே ஆறரை மணிச் சுற்றறிக்கையின் வாய்மொழி வடிவங்கள்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாமாண்டு மாணவர்க்கும் புதிய ஆய்வாளர்க்கும் நெறியாளர்க்கும் பார்வையாளர் தலையீட்டுப் பயிற்சி, ஒரு நாள் சடங்காக இல்லாமல் பருவம் முழுதும் நடைபெறுதல். மாணவர் தொடர்பான புகார்களில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை மாணவப் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் உள்ளகப் புகார்க் குழுவில் இடம்பெற வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்துதல். விடுதி நேரம் எதுவாயினும் இருபாலார்க்கும் ஒன்றாக இருத்தல். இனி வெளியாகும் ஒவ்வொரு சுற்றறிக்கையையும் கையொப்பமிடுமுன் ஒருமுறை இலக்கணக் கண்கொண்டு படித்தல்: இதன் எழுவாய் யார்?

‘மாணவியர் 6.30 மணிக்குப் பின் தனியே செல்லக் கூடாது’ என்று எழுதத் தெரிந்த கைக்கு, ‘மாணவர்கள் எந்நேரத்திலும் எவரையும் துன்புறுத்தக் கூடாது, துன்புறுத்துவதைக் கண்டு வாளாவிருக்கக் கூடாது, அதற்கான பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது’ என்று எழுதுவது கடினமன்று.