பாறையில் பெயர் எழுதினவன்

'நானும் யூட்டா போனேன், சிவப்புப் பாறை பார்த்தேன்' வகைப் பயணக்கட்டுரை எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். நாலு தடவை ஆரம்பிச்சு, நாலு தடவையும் ஒரே இடத்துல வந்து நின்னுடுச்சு. அதனால அந்த ஒரு இடத்தைப் பத்தி மட்டும் எழுதிடறேன். கலர் கலரா படம் காட்டுவான்னு நினைச்சு வந்தவங்க மன்னிச்சுக்கோங்க மக்களே :-)

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அக்டோபர் மாசம். நாங்க நாலு பேர், எல்லாருமே பொட்டி தட்டுற கூட்டம். லாஸ் வேகாஸ்ல வண்டி எடுத்து சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், மான்யுமென்ட் வேலி, பேஜ், திரும்ப வேகாஸ். ஆறு நாள், ஆயிரம் மைலுக்கு மேல. எந்த இடத்துல எத்தனை நிமிஷம் நிக்கணும்னு ஒருத்தன் எக்செல் ஷீட்டே போட்டு வச்சிருந்தான். ஆபீஸ்ல பிராஜக்ட் பிளான் எப்படி முதல் நாளே ஊத்திக்குமோ அதே மாதிரி இதுவும் ஊத்திக்கிச்சு.

காரணம் சயான். அங்கே பள்ளத்தாக்குக்குள்ள போற ரோட்டுல வருஷத்துல பெரும்பாலான மாதங்கள் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. 2000ஆம் வருஷத்துலேர்ந்து பஸ்தான். வருஷத்துக்கு 40 லட்சம் பேருக்கு மேல வர்ற இடம், வேற வழியும் இல்லை. எங்க எக்செல் மன்னன் செம கடுப்பாயிட்டான். 'காசு குடுத்து வண்டி எடுத்துட்டு பஸ்ஸுக்கு க்யூல நிக்கணுமா?' எனக்கும் அப்போ அதே கடுப்புதான். ஆனா உள்ளே இறங்கி நடந்தப்போ ஒண்ணு புரிஞ்சுது. ஆத்துத் தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. மத்த எந்தப் பூங்காவுலயும் ரோட்டுப் பக்கத்துல நின்னு அப்படி ஒரு சத்தத்தை நாங்க கேக்கவே இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

பிரைஸ் கேன்யன் பத்தி ரெண்டே வரி. பேருதான் கேன்யன், ஆனா ஆறு அறுத்த பள்ளத்தாக்கு இல்லை. கிட்டத்தட்ட பாதி வருஷம் ராத்திரி பனியா உறைஞ்சு பகல்ல உருகுற தண்ணி, பாறை வெடிப்புக்குள்ள போய் ஆப்பு வச்சு வச்சு செதுக்கின தூண்கள். அதாவது அங்கே நாம பார்க்கிறது எல்லாமே உடைஞ்சுக்கிட்டே இருக்கிற சாமான். அங்கேர்ந்து 12ஆம் நம்பர் நெடுஞ்சாலை. ஒரு இடத்துல ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல முதுகெலும்பு மாதிரி ரோடு மட்டும் போகும். வண்டி ஓட்டினது நான். அந்தக் காட்சியை மத்த மூணு பேரும்தான் பார்த்தாங்க, நான் வெள்ளைக் கோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். கேபிடல் ரீஃப்.

கூட்டம் கொஞ்சம் கம்மியான பூங்கா. 1880கள்ல குடியேறின மார்மன்கள் நட்ட பழத்தோட்டம் இன்னும் காய்க்குது. தோட்டத்துக்குள்ளேயே நின்னு பறிச்சுச் சாப்பிட்டா காசு கிடையாது, எடுத்துட்டுப் போனாத்தான் காசு. ஆளுக்கு ரெண்டு ஆப்பிள் உள்ளே தள்ளிட்டு, கேபிடல் கார்ஜ்ங்கிற இடுக்குப் பள்ளத்தாக்குல நடந்தோம். ரெண்டு பக்கமும் செங்குத்தா சுவர். 1962ல புது நெடுஞ்சாலை வர்ற வரைக்கும் வண்டி போற பாதையே இந்த இடுக்குதானாம்! மழை பெய்ஞ்சா வெள்ளம் பாயுற ஓடையில ரோடு.

அந்தச் சுவர்ல பெயர்கள். வரிசையா, அச்சு அடிச்ச மாதிரி அழகா செதுக்கின பெயர்களும் வருஷங்களும். ரொம்பப் பழசு 1871. 'முன்னோடிகளின் பதிவேடு'ன்னு அதுக்கு மரியாதையா பேரு வச்சு, பூங்கா வரைபடத்துல குறிச்சு, தொடக்கூடாதுன்னு பாதுகாக்கிறாங்க. அதே பாதையில கொஞ்சம் முன்னாடியே, ஃப்ரீமாண்ட் பண்பாட்டு மக்கள்னு சொல்றாங்களே, அவங்க இவங்களுக்கெல்லாம் பல நூறு வருஷம் முன்னாடி கொத்தின உருவங்களும் இருக்கு.

அப்போதான் நம்ம எக்செல் மன்னன் கேட்டான்:

"ஏன்டா, 1871ல அவன் எழுதினா சரித்திரம். இன்னிக்கு நான் எழுதினா அபராதமா? நூத்தம்பது வருஷம் கழிச்சு என் பேரையும் இப்படி வேலி கட்டிக் காப்பாத்த மாட்டாங்களா?"

எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியிலேயே நின்னுடுச்சு. ஏன்னா கேள்வி நியாயமா இருந்துச்சு, என்கிட்ட பதில் இல்லை.

அதுக்கு மறுநாள் வேற ஒரு இடம். எந்த இடம்னு சொல்லப் போறதில்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் நடந்தா வர்ற ஒரு பாறைச் சுவர். மேல கறுப்பா ஒரு பூச்சு இருக்குமே, அந்தப் பூச்சைக் கீறிப் பெயர்கள். எல்லாம் இங்கிலீஷ், நடுவுல ஒரு இதயம், அம்பு, வழக்கமான சமாச்சாரம். பார்த்துக்கிட்டே வந்தேன். அப்புறம் ஒரு பெயர் 'படிக்காமலே' புரிஞ்சுது. தமிழ்!

உண்மையைச் சொல்லிடறேன். முதல் அரை செகண்டு எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, பாலைவனத்துல ஒரு 'ழ'வைப் பார்த்தா உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அடுத்த அரை செகண்டுலதான் உறைச்சுது. பெயர், கீழே ஊர் பெயர், வருஷம். சாவியாலயோ கூர்க்கல்லாலயோ நிதானமா, கோணல் இல்லாம எழுதியிருந்தான் மனுஷன். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.

தண்ணி பாட்டிலை எடுத்துத் தேய்க்கப் போன நண்பனைத் தடுத்துட்டு, படம் எடுத்துக்கிட்டுப் பக்கத்துல இருந்த பார்வையாளர் மையத்துக்குப் போனோம். தேய்க்காம வந்தது நல்லதுன்னு அங்கே இருந்த ரேஞ்சர் அம்மா சொன்னாங்க. மணல்கல் அது, நாம தேய்ச்சா கறை மாதிரி இன்னும் பரவிடும், பூச்சும் போயிடுமாம். படத்தைப் பெருசாக்கிப் பார்த்துட்டு, "இது எந்த மொழி, தெரியுமா?"ன்னு கேட்டாங்க. கோபமா எல்லாம் கேக்கலை. அவங்க படிவத்துல எழுதிக்கணும், அவ்வளவுதான்.

"தமிழ். என் தாய்மொழி."

"என்ன எழுதியிருக்கு?"

வாழ்க்கையில எத்தனையோ பேருக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கேன், பெருமையாத்தான் சொல்லியிருக்கேன். அன்னிக்கு ஒரு ஆள் பெயர், ஒரு ஊர் பெயர். ரெண்டையும் எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காது சூடாயிடுச்சு.

இது தமிழன் மட்டும் செய்றதுன்னு சொல்ல வரலை. அந்தச் சுவர்ல தொண்ணூத்தொன்பது பெயர் வேற ஆளுங்க எழுதினது. 2014ல ஒரு அமெரிக்கப் பொண்ணு பல தேசியப் பூங்காக்கள்ல பாறை மேல பெயின்ட் அடிச்சு, அதைப் படம் புடிச்சு இன்ஸ்டாகிராம்ல போட்டதைக் கண்டுபுடிச்சு வெளியே கொண்டு வந்ததே மலையேறுறவங்களுக்கான ஒரு வலைப்பதிவுதான் (நம்ம இனம்!). 2016ல தண்டனையா அந்தப் பொண்ணு பொது நிலங்களுக்குள்ள கால் வைக்கவே தடை போட்டாங்க. அதே 2016ல ஆர்ச்சஸ்ல ஒரு வளைவுக்குப் பக்கத்துல யாரோ பெயரை அவ்வளவு ஆழமா செதுக்கி வச்சாங்க, முழுசா அழிக்க முடியுமான்னே பூங்காக்காரங்களுக்குச் சந்தேகம். அழிக்கணும்னா சுத்தி இருக்கிற பாறையையும் சேர்த்துத் தேய்க்கணும்.

ஆனாலும் நமக்கு இந்தப் பழக்கம் புதுசு இல்லைங்கிறதும் உண்மைதானே? செஞ்சிக் கோட்டைக்குப் போய்ப் பாருங்க. ரெண்டாயிரம் வருஷத்துத் தமிழி எழுத்து இருக்கிற குன்றுகளுக்குப் பக்கத்துலயே பெயின்ட்ல காதல் வாழ்கிறது. அந்தப் பழைய எழுத்தைப் பெருமையாப் பேசுற நாமதான் புது எழுத்தைப் பார்த்துக்கிட்டு சும்மா வர்றோம்.

இப்போ நண்பனோட கேள்விக்கு வர்றேன். ரொம்ப நாள் யோசிச்சு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான்.

முதல்ல எண்ணிக்கை. 1871ல அந்த இடுக்கு வழியாப் போனவங்களை விரல் விட்டு எண்ணலாம். அவன் பெயரை எழுதினது, 'இந்த வழியா உயிரோட ஒருத்தன் போனான்'ங்கிற தகவல். பின்னாடி வர்றவனுக்கு அது பிரயோஜனம். இன்னிக்கு அந்தப் பூங்காவுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல வர்றாங்க. நாம வந்ததுல தகவலே இல்லை பாஸ். அந்தச் செய்தியை ஜிபிஎஸ், கடன் அட்டை, ஃபோன் எல்லாம் ஏற்கனவே பதிஞ்சாச்சு.

ரெண்டாவது, அந்தக் கறுப்புப் பூச்சு. மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் சேர்ந்து ஆயிரக்கணக்கான வருஷத்துல படியுற மெல்லிய தோல். அதைக் கொத்தி வெளுப்பாக்கித்தான் பழங்குடி மக்கள் உருவம் போட்டாங்க. இத்தனை நூற்றாண்டு கழிச்சும் அது தெரியுறதுக்குக் காரணம் அந்தத் தோல் அவ்வளவு மெதுவா வளருது. நம்ம பெயரும் அதே காரணத்தால அழியாது.

மூணாவது, சுவர் யாரோடது? 1871 ஆசாமியும் இன்னொருத்தர் வீட்டுச் சுவர்லதான் எழுதினான். அவனைக் காப்பாத்துறது அவன் செஞ்சது சரிங்கிறதால இல்லை. பழைய தப்பும் ஆவணம்தான், ஆனா அது அனுமதிச் சீட்டு ஆகாது. மான்யுமென்ட் வேலி தேசியப் பூங்காவே இல்லை, நவஹோ மக்களோட சொந்தப் பூங்கா. அங்கே இன்னும் குடும்பங்கள் வாழுது.

'எப்படியும் உடையப்போற பாறைதானே'ன்னு கேட்கலாம். உடையும்தான். 2008 ஆகஸ்ட்ல ஆர்ச்சஸ்ல வால் ஆர்ச்னு ஒரு பெரிய வளைவு ராத்திரியோட ராத்திரியா தானா விழுந்துச்சு. தாத்தா எப்படியும் போயிடுவார்ங்கிறதுக்காக அவர் நெத்தியில யாரும் பச்சை குத்துறதில்லையே.

இதோட முடிச்சுட்டு நல்லவன் வேஷம் போட்டுடலாம்தான். ஆனா ஒரு விஷயம் பாக்கி இருக்கு.

அதே பயணத்துல, ஆர்ச்சஸ்ல, நல்ல கோணம் கிடைக்கும்னு பாதையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே போய் ஒரு படம் எடுத்தேன். காலுக்குக் கீழே கறுப்பா, புடைப்பு புடைப்பா மண், அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. திரும்பி வந்தப்புறம்தான் பலகையைப் படிச்சேன். அது உயிருள்ள மண். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி இழை விட்டு மணலைக் கட்டிப் பிடிச்சு, காத்துல பறக்காம, மழைத்தண்ணியைத் தேக்கி, செடி முளைக்க இடம் குடுக்குது. ஒரு மிதியில போயிடும், திரும்ப வரப் பல பத்து வருஷம் ஆகும். பெயர் எழுதினவன் ஊர் பெயரையாவது போட்டுட்டுப் போனான். நான் கையெழுத்தே போடாம எழுதிட்டு வந்திருக்கேன். அந்தப் பயணத்துல அதிகம் பேர் பாராட்டின படமும் அதுதான். அதை எடுத்துட்டேன்.

அதனாலதான் சயான் பஸ்ஸை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன். 'கட்டுப்பாடு, அனுமதிச் சீட்டு, பஸ் எல்லாம் போட்டு இயற்கையை வியாபாரம் ஆக்கறாங்க'ன்னு புலம்புற கட்சியில இருந்தவன் நான். இப்போ கட்சி மாறிட்டேன். என்னை மாதிரி ஓரளவு படிச்ச, ஓரளவு அக்கறை இருக்கிற ஆளே பலகையைப் படிக்கறதுக்கு முன்னாடி மிதிச்சுட்டான்னா, நல்லெண்ணத்தை நம்பி லட்சம் பேரை உள்ளே விடமுடியாது. சயான்ல ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற 2022லேர்ந்து குலுக்கல்ல அனுமதி வாங்கணும். எனக்குக் கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை, அது சரி.

போறவங்களுக்குச் சின்ன வேண்டுகோள். ஆறு நாள்ல ஏழு இடம்னு எங்களை மாதிரி ஓடாதீங்க, மூணு போதும். பாதையில நடங்க. பாதை இல்லைன்னா வெறும் பாறை மேல, இல்ல வறண்ட ஓடை மணல் மேல கால் வைங்க. பாறையில பெயரைப் பார்த்தா அழிக்கப் போகாதீங்க, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க. அவங்க "என்ன மொழி"ன்னு கேட்டா தயங்காம சொல்லுங்க. கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

டிஸ்கி 1: எக்செல் மன்னன் இதைப் படிச்சுட்டு இன்னும் ஒத்துக்கலை. 'நூத்தம்பது வருஷம் கழிச்சுப் பேசலாம்'ங்கிறான்.

டிஸ்கி 2: மான்யுமென்ட் வேலிலேர்ந்து பேஜ் போறவங்க கடிகாரத்தைப் பாருங்க. கோடைக்கால நேரத்தை அரிசோனா மாத்தாது, நவஹோ நிலம் மாத்தும். நாலு சாஃப்ட்வேர் எஞ்சினியர்கள் சேர்ந்தும் டைம் ஜோனைக் கோட்டை விட்டு, ஒரு மணி நேரம் முன்னாடியே போய் வெயில்ல நின்னோம் :-(