கப்பல்காரர் வாயிலில் ஒரு பரிசில் கடாநிலை

தருவதாகச் சொன்ன பரிசிலைத் தாராது காலம் நீட்டிக்கும் புரவலனிடம் புலவன் வெளிப்படையாகக் கேட்டுவிடுவதற்குத் தமிழில் ஒரு துறையே உண்டு. பரிசில் கடாநிலை என்பது அதன் பெயர். அதியமான் பரிசில் நீட்டித்தபோது வாயிற்காவலனை விளித்து ஔவையார் பாடிய பாட்டை நாங்கள் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் வேண்டாமென்று மறுத்ததையும் மாணவர் உள்ளம் நெகிழும்படி விளக்குகிறோம். மணியடித்ததும் வெளியே வந்து, ஏமாற்றப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். இக்கட்டுரை அந்த வழக்கத்தை ஒருமுறையேனும் மீறும் முயற்சி.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் துறையைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள் புதுச்சேரிப் பக்கத்துத் தனியார் ஒருவரின் சொகுசுப் படகில் கடல் உலா போகப் பணம் கட்டினோம். அவர் பெயர் இங்கே தேவையில்லை. இந்தக் கரையில் அவரைப் போன்றோர் பலர். விளம்பரத் தாளில் இருந்தவை: மாலை நான்கரைக்குப் புறப்பாடு, நடுக்கடலில் சூரிய அத்தமனம், சூடான சிற்றுண்டி, நல்வாய்ப்பிருந்தால் ஓங்கில்கள். (ஓங்கில் என்ற நல்ல தமிழ்ச் சொல் எங்களுடையது, தாளில் டால்பின் என்றுதான் இருந்தது.) நடந்தது வேறு. ஐந்தரை வரை டீசல் வரவில்லை. ஆறு மணிக்கு வந்தது, ஓட்டுநர் வரவில்லை. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், தென்னைகளுக்கு அப்பால், தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டு போனது. கீழைக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது என்பது பணம் கட்டும்போது தமிழ் முதுகலைப் பட்டதாரிகள் நால்வருக்கும் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏழு மணிக்கு இருட்டில் புறப்பட்டோம். உயிர்காப்பு உடுப்புகளில் பாதிக்குக் கொக்கி இல்லை. கழிவறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி கரையில் இருந்தது. சூடான சிற்றுண்டி, ஆறிய சமோசாவாக வந்தது. இருபது நிமிடத்தில் படகு திரும்பிவிட்டது. பணத்தைக் கேட்டபோது அடுத்த முறைக்கான தள்ளுபடிச் சீட்டு கொடுத்தார்கள். நண்பர் ஒருவர் மட்டும் சிரித்தபடி இருந்தார். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். படகுக்காரர் இலக்கணம் பிழைக்காதவர் என்றார். நாங்களும் சிரித்தோம். இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பைத்தான் முதலில் குற்றஞ்சாட்ட வேண்டியிருக்கிறது.

இதை எழுதப்போகிறோம் என்றதும் இலக்கிய நண்பர்கள் இரண்டு மறுப்புகளைச் சொன்னார்கள். இது நடுத்தர வர்க்கத்தின் புலம்பல் என்பது ஒன்று. கடலைக் காணப் போனவன் சமோசாவின் சூட்டைப் பற்றிப் பேசலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொன்னவர் பயணக்கட்டுரைகள் எழுதுபவர். அவருடைய கட்டுரைகளில் கடல் எப்போதும் பேரமைதியின் குறியீடு. அக்கடலில் டீசல், சாவி, கூலி எதுவும் மிதப்பதில்லை.

அவருக்கு எங்கள் வட்டாரத்துப் பழம் பயண நூல் ஒன்றை நினைவூட்டுகிறோம். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே உள்ள பகுதி அது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் ஒரு பாணனை ஆற்றுப்படுத்தும் அந்நூலில் வழியின் முதற்பெரும் ஊர் எயிற்பட்டினம். அதை மரக்காணத்தோடு பொருத்திக் காட்டும் ஆய்வாளர் உண்டு. அங்கே பரதவர் என்ன தருவர்? நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயிற்றியர் தருவது புளிங்கறியிட்ட சோறும் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். ஊர் வாரியாகச் சாப்பாட்டைச் சொல்லாமல் 269 அடிகளில் ஓரடி கூடப் பயணம் நகராது. பசித்தவனை வழிநடத்தும் நூலுக்குச் சோறு அற்பமான செய்தி அல்ல. ஆற்றுப்படை என்பதே, நான் போய்ப் பெற்றேன், நீயும் போ என்று முன்னே போனவன் தரும் உறுதிமொழி. பெறாதவன் பெற்றேன் என்று எழுதினால் அது விளம்பரத் தாள். இன்றைய பயணக்கட்டுரைகளில் பாதி இந்த இரண்டாம் வகை என்பது எங்கள் துணிபு.

பெரிய கப்பலுக்கு வருவோம். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ அது. 1990இல் கட்டப்பட்டு வேறு பெயர்களில் பல கடல்களில் ஓடிவிட்டு இங்கே வந்தது. விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரி வழியாகத் திரும்புவது திட்டம். ஜூன் 10ஆம் தேதி புதுச்சேரி அரசின் அனுமதி கிடைக்காமல் அது திரும்பிப்போனது. கப்பலில் சூதாட்டமும் மதுவும் உண்டு, பண்பாடு கெடும் என்பது எதிர்த்தோர் வாதம். சூதாட்டத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே. மதுவால் புதுச்சேரியின் பண்பாடு கெட்டுவிடும் என்ற கவலையைத்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதியில் பயணம் செய்யும் எங்களால் முகம் மாறாமல் கேட்க முடியவில்லை. லியர் மன்னனின் மகள் கோர்டீலியா சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றாள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டாள். பெயர்ப்பொருத்தம் கச்சிதம்.

எங்கள் கேள்வி வேறு. ஒரு மாநிலம் கொடியசைத்து அனுப்பும் கப்பலை அண்டை யூனியன் பிரதேசம் ஏற்குமா என்பதைச் சீட்டு விற்கும் முன் உறுதிசெய்திருக்க வேண்டாமா? துறை எங்கே, கரைக்கு யார் இறக்குவர், தவறினால் பணம் யார் தருவர் என்பவை எல்லாம் விழா முடிந்த பின் யோசிக்கப்படுகின்றன. எங்கள் படகுக்காரர் சிறிய அளவில் செய்ததும் இதுவே: முதலில் பணம், பிறகு டீசல். தாமதம் இங்கே விபத்தன்று, தொழில்முறை. காத்திருப்பவனின் நேரத்துக்கு விலையில்லை என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது அது.

முதல் மறுப்பு, புலம்பல் என்பது, அன்றிரவு பேருந்தில்தான் எங்களுக்கே உறைத்தது. படகில் சமோசா கொடுத்த பையனும் அதே பேருந்தில் வந்தான். எங்களில் ஒருவர் அவனைக் கடுமையாகத் திட்டியிருந்தார். அவரே பக்கத்தில் இடம் கொடுத்தார்.

“எந்த ஊர் தம்பி?”

“கீழ்புத்துப்பட்டு சார்.”

“கோயில் பக்கமா?”

“கேம்ப் சார்.”

அதற்கு மேல் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. ஐயனார் கோயிலுக்காகப் பலர் அறிந்த அந்த ஊரில் ஈழத்திலிருந்து வந்தோருக்கான முகாமும் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. பையன் இங்கே பிறந்தவன். அவன் அம்மா சிறுமியாக மன்னாரிலிருந்து இரவில் படகேறி வந்தவராம். அந்தப் படகு நேரத்துக்குப் புறப்பட்டதா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவன்தான் எங்களைக் கேட்டான்: “நாகப்பட்டினத்துலேர்ந்து போற கப்பல்ல எத்தனை மூட்டை ஏத்த விடுவாங்க சார்? அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு.”

அந்தக் கப்பலின் வரலாறு இது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தோராயமாக 60 கடல்மைல். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ என்ற கப்பலோடு சேவை தொடங்கியது. பிரதமர் காணொளி வழியே தொடங்கிவைத்தார். ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 மே மாதத்தில் மறுபடி தொடங்கும் என்று தேதி சொன்னார்கள், தள்ளிவைத்தார்கள், இன்னொரு தேதி சொன்னார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். கடைசியில் ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ புறப்பட்டது. அதற்கு முன் 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய கப்பல் அவ்வாண்டு நவம்பரில் நின்றது. கப்பல் ஓடினாலும் முகாம்வாசி நினைத்த நாளில் ஏறிவிட முடியாது. வெளியேறும் அனுமதி முதலாகக் காகிதங்கள் வேண்டும். விமானத்தில் போனால் முப்பது ஆண்டு வீட்டை ஒரு பெட்டிக்குள் அடக்க வேண்டும். தையல் இயந்திரமும் பாத்திர மூட்டையும் கப்பலில்தான் போகும். ஆகவேதான் மூட்டையைப் பற்றிய அந்தக் கேள்வி.

எங்கள் நாலரை மணி ஏழு மணியானதையும், அவன் அம்மாவின் காத்திருப்பையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இரண்டையும் நீட்டிப்பது ஒரே மனப்பான்மை என்று சொல்லத் தயங்கவும் இல்லை. எங்கும் போகாத கப்பலுக்கும், போக வேண்டிய இடத்துக்குப் போகும் கப்பலுக்கும் கொடி ஒன்றுபோலவே அசைகிறது. அசைத்த பின் இரண்டையும் கேட்பாரில்லை. சமோசா ஆறியதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் மற்றதையும் கேட்கமாட்டார்கள்.

மூட்டைக் கணக்கை விசாரித்துச் சொல்வதாக அவனிடம் வாக்களித்தோம். மறுநாள் தொலைபேசியில் கேட்டோம். ஒருவருக்குக் கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ ஏற்றலாம் என்று சொன்னார்கள். தையல் இயந்திரம் அந்தக் கணக்கில் வருமா என்ற கேள்விக்கு எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. இரண்டாம் கடிதத்தை நல்ல தமிழில், ஔவையின் கோபத்தில் பாதியாவது இருக்கும்படி, துறையில் உட்கார்ந்து நால்வரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.