மாற்றிய மோட்டாரும் மறைத்த விவரமும்

வானகரத்திலிருந்து அம்பத்தூர் செல்லும் சாலையில், அயனம்பாக்கத்தில் மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு நாம் கூறப்போவது புதிய விஷயமன்று. அகன்ற சக்கரங்களும், தாழ்த்திய உடலும், ஊரை எழுப்பும் புகைக்குழாயும் பூண்ட கார்களில் நமது வாலிபர்கள் பறக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறமையை நாம் இகழவில்லை. தொழிற்பேட்டையின் அருகில் வளர்ந்தும் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்ட ஆசைப்படாத வாலிபனால் தேசத்துக்கு என்ன பிரயோஜனம்? ஆனால் அந்த மாறுதல்களை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தாயா என்று கேட்டால், ஆம் என்பவர் மிகச் சிலராகவே இருப்பர்.

மோட்டாருக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம் என்ற ஏற்பாடு 1939-ம் வருஷத்துச் சட்டத்தில் தோன்றி, 1946 ஜூலையில் அமுலுக்கு வந்தது. அன்னிய ஆட்சியில் பிறந்ததாயினும் நல்ல ஏற்பாடு. அடிபட்ட ஏழையின் குடும்பம் நஷ்ட ஈட்டுக்காக வண்டிக்காரன் வாசலில் காத்துக் கிடக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். அதற்காகவே மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தைக் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விடாமல் ஸர்க்காரே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் தேதி அமுலான விகிதப்படி, இயந்திரக் கொள்ளளவு 1,000-க்கு மேல் 1,500 கன சென்டிமீட்டர் வரையுள்ள சொந்தக் காருக்கு வருஷத்துக்கு ரூ. 3,416. இங்கிலாந்தில் இளம் வயதினரிடம் கம்பெனிகள் கூடுதலாக வசூலிப்பதுண்டு. இங்கே இந்தக் கட்டணத்தில் பதினெட்டு வயதும் அறுபது வயதும் ஒன்றே. (வாங்கித்தான் தீரவேண்டும் என்று விதித்துவிட்டு, அதன்மேல் 18 சதவீதம் வரியும் போடுவது என்ன நியாயமோ!)

வயதைப் பாராத சட்டம் மாறுதலைப் பார்க்கிறது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ம் வருஷத்துச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிப்படுத்திற்று. அவ்வருஷமே நிறைவேறிய திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாறுதலுக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. காஸ் இணைப்பு போன்ற அங்கீகாரமுள்ள மாறுதல்களை முறைப்படி பதிந்து, கம்பெனிக்கும் அறிவித்துச் செய்துகொள்ளலாம்.

அபராதத்தைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படவில்லை. விபத்துக்குப்பின் கம்பெனியின் பரிசோதகர் வந்து வண்டியைப் பார்ப்பார். சொந்தச் சேதத்துக்குப் பணமில்லை என்று கை விரிக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். அது வாலிபனுக்கு வந்த நஷ்டம், தொலையட்டும். முக்கிய விவரத்தை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாதென்று வாதாடவும் சட்டத்தில் இடமிருக்கிறதே, அதுதான் நமது கவலை. அந்த வாதம் பலித்தால், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளியின் விதவை யாரிடம் போவாள்? வண்டி பெரும்பாலும் தகப்பனார் பெயரில் இருக்கும். கோர்ட்டு விதிக்கும் தொகை அவர் தலையில் விழும்; ஆயுள் முழுதும் உழைத்துக் கட்டிய வீடு ஏலத்துக்கு வரும்.

வாலிபன் சொல்லாதது பிசகுதான். அவனிடம் கேட்கவேண்டியவர்கள் சரியாகக் கேட்டார்களா? பாலிசி இன்று கைப்பேசியில் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. நிபந்தனைகளோ ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக இருக்கின்றன. எந்த மாறுதல் செய்யலாம், எதற்கு முன் அனுமதி வேண்டும், எது குற்றம் என்பதை அம்பத்தூர் உள்ளிட்ட எல்லாப் போக்குவரத்து அலுவலகங்களும் தெளிந்த தமிழில் வாசலிலேயே எழுதி வைக்கவேண்டும். "வண்டியில் ஏதேனும் மாற்றியிருக்கிறீர்களா?" என்ற கேள்வியைக் கம்பெனிகள் தமிழில், விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே கேட்டு, பதிலைப் பாலிசியில் பதியவேண்டும். அப்படிக் கேளாத கம்பெனி, விபத்துக்குப்பின் மறைத்துவிட்டான் என்று வாதாடுவதற்கு இடமில்லாதபடி சட்டத்தைத் திருத்துமாறு மத்திய ஸர்க்காரை வற்புறுத்துகிறோம்.