பாட்டுக்கு ஒரு லைசென்ஸ்

பெங்களூரில் ‘லைவ் பேண்ட்’ என்ற சொல்லுக்கு, கேட்பவரைப் பொறுத்துப் பொருள் மாறும். கல்லூரி மாணவருக்குக் கிடாரும் டிரம்ஸும் நினைவுக்கு வரும். போலீஸ்காரருக்கோ மங்கலான வெளிச்சம், மேடையில் வரிசையாக நிற்கும் பெண்கள், சினிமாப் பாட்டு, அவர்களை நோக்கி நீளும் ரூபாய் நோட்டுகள். 2018இல் நகரத்தின் பப்கள் பல சில வாரங்கள் ஊமையாகிப் போனதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இந்த ஊருக்கும் பீருக்கும் உள்ள உறவு பழையது. தென்னிந்தியாவில் வெள்ளைக்காரப் படைகளுக்காகப் பிறந்த சிறு சிறு மதுவடிப்பாலைகளை 1915இல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஒன்று சேர்த்தார். அதுதான் யுனைடெட் புரூவரீஸ். அவற்றில் நீலகிரியில் இருந்தவையும் உண்டு என்பது நம்மவர்களுக்கு உபரித் தகவல். பெங்களூரில் அந்த ஆலை இருந்த இடத்தில் இப்போது யூ.பி. சிட்டி என்ற ஆடம்பரக் கடைவளாகம் நிற்கிறது.

ஆனால் பப் என்ற சங்கதி வந்தது 1980களின் பிற்பகுதியில்தான். அதுவரை குடிப்பதற்கு இரண்டே இடங்கள்: நட்சத்திர ஓட்டல், அல்லது இருட்டான பார். இருட்டு பார்களில் குடும்பப் பெண்கள் நுழைய மாட்டார்கள். ஆண்களும் தலையைக் குனிந்தபடிதான் நுழைவார்கள். பப்கள் இந்த வெட்கத்தைப் போக்கின. பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தரும் பீர், கடலை, உரத்த ராக் இசை. ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989இல் தொடங்கிய ‘பெக்கோஸ்’ அந்தக் காலத்தின் அடையாளம். சர்ச் தெருவில் விண்கலம் போல ஜோடித்திருந்த ‘நாசா’ இன்னொன்று. அது மூடப்பட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பொதுத்துறைச் சம்பளமும் பிறகு கம்ப்யூட்டர் சம்பளமும் வந்தன. மாலையில் வியர்க்காத பருவநிலை எப்போதும் இருந்தது. சென்னைவாசி பொறாமைப்பட வேறென்ன வேண்டும்? அவருக்குக் கிடைத்தது 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக்; அதையொட்டிய பாரில் பிளாஸ்டிக் டம்ளரும் சண்டையும். பாட்டு என்றால் பக்கத்து மேஜைக்காரர் பாடினால்தான்.

கேட்பதற்குப் பாட்டு இருக்கும் ஊரில் பாடுகிறவர்களும் முளைப்பார்கள். ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ 1996இல் இங்கே உருவான இசைக்குழு. அயல்நாட்டுப் பாட்டை அச்சாகப் பாடிக் காட்டினால்தான் கைதட்டல் என்றிருந்த காலத்தில் சொந்தப் பாட்டை எழுதிப் பாடியவர்கள். அரண்மனை மைதானத்தில் 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிகா வந்ததெல்லாம் பத்திரிகைக்குத் தலைப்புச் செய்தி. உள்ளூர்க் கலைஞருக்கு அதனால் சோறு கிடைக்காது. வியாழன் இரவு எண்பது பேர் உட்கார்ந்து கேட்கிற ஒரு சின்ன மேடை வேண்டும். இந்திராநகரில் 2013இல் தொடங்கிய ‘ஹம்மிங் ட்ரீ’ அப்படி ஒரு மேடையாக இருந்தது. 2019இல் அதுவும் மூடப்பட்டது.

சட்டம் எங்கே வந்தது? கர்நாடகப் போலீஸ் சட்டத்தின் கீழ் 2005இல் பெங்களூர் போலீஸ் கமிஷனர் ஓர் ஆணை பிறப்பித்தார். லைவ் பேண்ட், காபரே, டிஸ்கோ நடத்த வேண்டுமானால் தனி உரிமம் வேண்டும் என்றது அது. குறி எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை: பெண்கள் ஆடும் பார்கள். அதே ஆண்டுதான் மகாராஷ்டிரமும் டான்ஸ் பார்களைத் தடை செய்தது. பெங்களூர் பார் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, 2018 ஜனவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதன் பிறகுதான் வேடிக்கை. தீர்ப்பைக் கையில் எடுத்த போலீஸ், டான்ஸ் பார்களோடு நிற்கவில்லை. கிடார் வாசிக்கும் பப்புக்கும் நோட்டீஸ், ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டைப் போடும் உணவகத்துக்கும் நோட்டீஸ். உரிமம் வாங்கலாமே என்றால், கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்றிதழ் கேட்டார்கள். பெங்களூரில் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு காகிதமே கிடையாது என்று உரிமையாளர்கள் புலம்பினார்கள். சான்றிதழ் இல்லாத அதே கட்டடத்தில் மது விற்க அரசு உரிமம் தந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான். குடிக்கலாம், பாட்டுக் கேட்கக் கூடாது! அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை நினைத்துத்தான் தொடங்குகிறது. கள்ளையும் பாட்டையும் பிரித்துவைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பப்காரர்கள் எல்லாரும் அப்பாவிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்திராநகர்வாசிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் பொதுத்துறை ஊழியர்களும் மரம் நட்டு வீடு கட்டிய தெருக்கள் அவை. மொட்டை மாடியில் கூரை போட்டு, ஒலிபெருக்கியை வானத்தைப் பார்க்க வைத்தால், எதிர்வீட்டுக் கிழவருக்குத் தூக்கம் ஏது? மூடும் நேரம் முன்பு இரவு 11.30. 2014இல் வார இறுதிகளிலும் 2016இல் எல்லா நாட்களிலும் அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆனது. கார்க் கதவு சாத்தும் ஓசையும் வாசலில் நின்று பேசும் பேச்சும் அதற்குப் பிறகும் ஓயாது. அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனதில் தவறே இல்லை.

ஆனால் அதற்கென்று ஏற்கெனவே விதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் உச்ச வரம்பு. ஒரு கருவியை வைத்து அளந்தால் தீர்ந்தது. ஜன்னலை இறுக மூடி ஜாஸ் வாசிப்பவர் தப்புவார், மாடியில் அலறவிடுபவர் மாட்டுவார். சத்தத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒழுக்கத்துக்காகப் போட்ட ஆணையைக் கையில் எடுத்ததால் தூங்க முடியாதவருக்கும் முழு நிவாரணம் கிடைக்கவில்லை, பாடுகிறவருக்கும் பிழைப்பு போனது.

அந்த ஜூலையில் பத்திரிகைகள் இசைக்காகக் கண்ணீர் விட்டன. ‘நாங்கள் அந்த மாதிரி லைவ் பேண்ட் அல்ல’ என்பதுதான் பப்களின் வாதமாக இருந்தது. ‘அந்த மாதிரி’ மேடைகளில் நின்று பாடிய பெண்களைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? அவர்களும் மைக் பிடித்துப் பாடியவர்கள்தான். இந்தி, கன்னடம், தமிழ் என்று கேட்ட பாட்டைப் பாடியவர்கள். அந்த வருமானத்தில் ஊரில் ஒரு வீடு ஓடியிருக்கும். இந்திராநகர்க் கலைஞருக்கு மேடை போனால் சொல்லிக்கொடுக்கவோ விளம்பரத்துக்கு இசையமைக்கவோ போகலாம். இவர்களுக்கு அந்த வழி இல்லை.

பம்பாயில் கதை வேறு விதமாகப் போனது. டான்ஸ் பார் தடையை உச்ச நீதிமன்றம் 2013இல் செல்லாது என்றது. மறுபடி கொண்டுவந்த கெடுபிடிகளில் பலவற்றை 2019இல் தளர்த்தியது. ஆர்கெஸ்ட்ரா பாரின் மேடையில் நான்கு பெண்கள், நான்கு ஆண்கள் மட்டுமே நிற்கலாம் என்ற நிபந்தனையையும் 2022 பிப்ரவரியில் அடித்துவிட்டது. மேடையில் எத்தனை பேர் என்ற வரம்பு இருக்கலாம். அதில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று விதிக்க அதிகாரிக்கு உரிமையில்லை என்றார்கள் நீதிபதிகள். அந்த வழக்கு நடந்த ஆண்டுகளில் அங்கே பாட வயதிருந்தவர்கள் இப்போது வேறு வேலை தேடும் வயதில் இருப்பார்கள்.

இங்கே இரவு ஒரு மணிக்குச் சர்ச் தெருவில் கடைசிப் பாட்டு நின்றதும், டிரம்ஸைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றும் பையன்கள் மீட்டருக்கு மேல் எவ்வளவு என்று பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.