தொலைந்த வலைக்கு யார் தண்டம் கட்டுவது?

கடலில் தொலைந்த நைலான் வலை மக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் வீணே மீனைக் கொல்கிறது. நாம் மறுக்கவில்லை. வலை கிடக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே காட்டும் மிதவைகளும் வந்துவிட்டன. ஆனால் மீனவனே குற்றவாளியாம்! அவனே காசு கொடுத்து மிதவை வாங்க வேண்டுமாம்! மில்லில் பெல்ட்டுக்குத் தடுப்பு போடாமல் கை போனால், தடுப்பைத் தொழிலாளி வாங்கியிருக்க வேண்டும் என்கிற முதலாளியின் நியாயம் இது.

நார்வே ஒன்றும் சோஷலிஸ்டு நாடல்ல. அங்கே வலையைத் தொலைத்தவன் தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் அதிகாரிகளுக்கு இடத்தைச் சொல்ல வேண்டும். சர்க்காரின் மீன்வளத் துறை ஆண்டுதோறும் கப்பல் அனுப்பி, கொக்கிகளை இழுத்து மீட்கிறது. 1980களிலிருந்து 20,000க்கு மேற்பட்ட வலைகள் கரையேறியுள்ளன.

செலவைச் சர்க்கார் ஏற்கட்டும் என்கிறோம். தண்டத்துக்குப் பயந்தவன் வலை போன இடத்தை வாய் திறந்து சொல்வானா?